அத்தானின் குரலைக் குறைத்த கதை

அத்தானுக்கு மைக் வைப்பது, கொட்டுகிற மழையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை. அவர் மாடியில் நின்று போனில் பேசினால் தெருமுனையில் இருப்பவருக்கும் விஷயம் தெரிந்துவிடும். ரகசியம் என்றால் காதருகே வந்துதான் சொல்வார். ஆனால் அதே சத்தத்தில் சொல்வார். நல்ல மனிதர், கை தாராளம், யாருக்காவது ஒன்று என்றால் முதல் ஆளாய்ப் போய் நிற்பார். இன்னொருவர் பேசி முடிக்கும்வரை சும்மா இருப்பது எப்படி என்பதை மட்டும் யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

அக்கா அதற்கு நேர் எதிர். அவள் பேசினால் பக்கத்தில் இருப்பவர்கூடக் கொஞ்சம் குனிய வேண்டும். இருவரும் சேர்ந்து கார் ஓட்டச் சொல்லித் தரும் பள்ளி ஒன்றை நடத்துகிறார்கள். சேர்ந்து என்பது பேச்சுக்குச் சொல்வது. போர்டில் சிரித்துக்கொண்டிருப்பது அத்தான். வண்டிக்குள் உட்கார்ந்து சொல்லித் தருவது அக்கா. ஆரம்பத்தில் அத்தானும் சொல்லித் தந்தவர்தான். அவர் ஒரு நாள் "பிரேக்" என்று போட்ட சத்தத்தில், ஓட்டிக்கொண்டிருந்தவர் வண்டியை நடுரோட்டில் நிறுத்தி, இறங்கி, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தே போய்விட்டார். அன்றிலிருந்து அத்தான் நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்கிறார்.

சின்னவள் அக்காவின் கூடப் பிறந்தவள். ஒலி சரிசெய்வது அவள் தொழில். பாடம் நடத்துகிற வீடியோ, பேட்டி, கடை விளம்பரம் என்று யார் எதை எடுத்து வந்தாலும், அதில் இருக்கிற குரல்களைக் கேட்கும்படி ஆக்கித் தருவாள். பள்ளியின் பின்பக்கம் பழைய டயர்கள் அடைந்து கிடந்த அறையை அத்தான்தான் அவளுக்கு ஒழித்துக் கொடுத்தார். கூடவே "சவுண்டு" என்று ஒரு பட்டப்பெயரும் கொடுத்தார். அறைக்கு வாடகை கிடையாது. அதற்கும் சேர்த்து அந்தப் பட்டப்பெயரைத் தினமும் சகித்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். ஒரு டாக்சி கம்பெனி புதிதாகப் பெண் ஓட்டுநர்களைச் சேர்க்கப் போகிறது. அவர்களைப் பழக்க ஒரு பயிற்சியாளர் வேண்டும். விருப்பம் இருப்பவர்கள் தாங்கள் சொல்லித் தருகிற விதத்தை வீடியோ எடுத்து அனுப்பலாம், பார்த்துவிட்டுக் கூப்பிடுவார்கள். செய்தி வந்த அன்று அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடிவிட்டு, ஈரக் கையோடு தங்கையைப் பார்த்து, "இது எனக்கு வேணும்டி" என்றாள்.

சின்னவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கா வாயிலிருந்து 'வேணும்' என்கிற சொல் வந்து அவள் கேட்டதில்லை. துணிக்கடைக்குப் போனால்கூட "உனக்குப் பிடிச்சதை எடு, எனக்கு எதுவா இருந்தா என்ன" என்கிற ஜாதி அவள். அப்படிப்பட்டவள் ஒன்றை வேண்டும் என்று கேட்டால், அதை எப்பாடு பட்டாவது நடத்திக் கொடுக்க வேண்டும் என்று தங்கைக்குத் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் அத்தான் விடுவாரா?

"ஓனர் இல்லாம என்ன வீடியோ? நானும் பக்கத்துல உக்கார்றேன். சும்மா. வாயே திறக்க மாட்டேன்" என்றார்.

வீடியோ எடுக்கிற அன்று காரின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஏசியின் இரைச்சல் மைக்கில் ஏறிவிடும் என்று அதையும் அணைத்துவிட்டு, இருவர் சட்டையிலும் ஆளுக்கொரு சின்ன மைக்கைக் குத்திவிட்டாள் சின்னவள். வண்டிக்குள் வெந்து எடுத்தது. அக்கா ஸ்டியரிங்கில் கை வைத்து, மேட்டில் நிற்கிற வண்டியைப் பின்னால் உருளவிடாமல் எடுப்பது எப்படி என்று ஆரம்பித்தாள். "பிரேக்ல ஒரு கால் இருக்கட்டும். கிளட்சை மெதுவா விடுங்க. ஒரு இடத்துல வண்டி லேசா நடுங்கும். அங்கேயே நிறுத்துங்க. வண்டி தயாராயிடுச்சுன்னு அர்த்தம். இனிமே பிரேக்கை விட்டாலும் அது உங்களை விட்டுட்டுப் பின்னால போகாது."

பிறர் அரை மணி நேரம் சொல்லியும் மண்டையில் ஏறாததை அவள் ஒரு மூச்சில் சொல்லிவிடுவாள். ஆனால் 'நடுங்கும்' என்று அவள் வாயைத் திறந்ததுமே பக்கத்து சீட்டிலிருந்து "அதேதான்!" என்று ஒரு சத்தம் வந்தது. 'தயாராயிடுச்சு' என்றதும் இன்னொரு "அதேதான்!" வாயே திறக்க மாட்டேன் என்றவர், அந்த ஒரு வார்த்தையை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை போலிருக்கிறது.

மறுநாள் மத்தியானம் சின்னவள் எடுத்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றி உட்கார்ந்தாள். மாலைக்குள் அனுப்ப வேண்டும். இந்த மாதிரி வேலைக்கென்றே கம்ப்ரஸர் என்று ஒன்று மென்பொருளிலேயே இருக்கிறது. குரல் ஒரு அளவுக்கு மேல் எகிறினால் அதை அமுக்கும். அமுக்கியபின் மொத்தத்தையும் கொஞ்சம் தூக்கிவிட்டால், கத்தினதும் முணுமுணுத்ததும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு வந்து நிற்கும். ஒருவர் மட்டும் பேசுகிற பாட வீடியோக்களையே செய்து பழகியவள், அவசரத்தில் இருவர் குரலையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே கம்ப்ரஸருக்குள் அனுப்பிவிட்டாள். அங்கேதான் சொதப்பியது.

கம்ப்ரஸருக்கு ஆள் அடையாளம் தெரியாது. உள்ளே வருவதில் எது பெரிய சத்தமோ அதைப் பார்த்து அமுக்கும். அமுக்குகிறபோது கூட இருப்பதும் சேர்ந்து அமுங்கும். அத்தான் "அதேதான்!" என்கிற ஒவ்வொரு முறையும் அக்காவின் குரல் சடாரென்று உள்ளே போனது. அவர் ஓய்ந்தபின் மெல்ல மேலே வந்தது, அடுத்த "அதேதான்!" வந்து அதை மறுபடி அமுக்கியது. கத்தினவர் ஒருவர், அடி வாங்கினது இன்னொருத்தி. அத்தானின் குரல் மட்டும் எந்தச் சேதமும் இல்லாமல் கணீரென்று கேட்டது.

சின்னவள் அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டாள். எங்கோ கேட்டுப் பழகின சத்தமாக இருந்தது. சாப்பாட்டு மேசையில் தினம் கேட்கிற சத்தம்தான். அக்கா ஏதோ ஆரம்பிப்பாள், அத்தான் குறுக்கே விழுவார், அக்காவின் பேச்சு அப்படியே தட்டுக்குள் இறங்கிவிடும். அவர் ஓய்ந்தபின் அவள் வேறு எதையாவது, குழம்புக்கு உப்பு போதுமா என்பது போல ஒன்றை, கேட்பாள். இத்தனை வருடமும் அந்த வீட்டில் இரண்டு பேரையும் ஒரே கம்ப்ரஸருக்குள் போட்டு வைத்திருக்கிறார்கள். சின்னவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செய்த அத்தனையையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

இரண்டு குரலையும் பிரித்தாள். பிரித்தால் மட்டும் போதுமா? அத்தானின் தொண்டைக்கு அவருடைய மைக் மட்டும் பத்தவில்லை; அக்காவின் மைக்கிலும் ஏறி உட்கார்ந்திருந்தார். ஆகவே ஒவ்வொரு "அதேதான்!" ஆகத் தேடிப் பிடித்து, கம்ப்ரஸர் கண்ணில் படும் முன்பே கையால் தணித்தாள். அதன்பின் அவருக்கு இறுக்கமாக ஒரு கம்ப்ரஸர், அக்காவுக்குத் தளர்வாகத் தனியாக ஒன்று. கழுத்து பிடித்துக்கொண்டது, டீ ஆறிப்போனது. கடைசியில் கேட்டபோது அக்கா அந்த வண்டியில் உட்கார்ந்திருந்தாள். உண்மையிலேயே அங்கே உட்கார்ந்து பேசினாள்.

அந்த நேரம் பார்த்து அத்தான் உள்ளே வந்தார். "என்ன சவுண்டு, முடிஞ்சுதா? போடு பார்ப்போம்."

போட்டாள். கொஞ்சம் கேட்டதும் அவர் முகம் சுருங்கியது.

"என்ன இது? எனக்கு உடம்பு சரியில்லாத மாதிரி இருக்கு?"

"உங்க ரெண்டு பேரையும் ஒரே மட்டத்துல வெச்சிருக்கேன் அத்தான்."

"யாரு கேட்டா? என்னுதை ஏத்து. இவளோடதை இறக்கு. பின்னால லேசா ஒரு மியூசிக் ஓடட்டும். கம்பெனிக்காரனுக்கு இதுல யாரு ட்ரெயினர்னு தெரிய வேணாமா?"

"தெரியணும்னுதான் இப்படிச் செஞ்சிருக்கேன்."

அவருக்கு அது உறைக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. உறைத்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரி, விடு. அப்போ நடுவுல நான் பேசறதெல்லாம் எடுத்துடு. பொறுமையா கேட்டுக்கிட்டிருக்கற மாதிரியாவது இருக்கட்டும்."

"முடியாது. அக்கா மைக்குக்குள்ளயும் நீங்கதான் இருக்கீங்க. முடிஞ்சாலும் எடுக்க மாட்டேன். சத்தத்தைத்தான் குறைச்சிருக்கேன், நீங்க பேசினதைக் குறைக்கல. பேசினது பேசினதாவே இருக்கட்டும்."

"நான் குடுத்த ரூம்ல உக்காந்துக்கிட்டு என் குரலையே குறைப்பியா நீ?"

இந்தத் தடவை, எதிரொலி வராமல் இருக்கச் சுவரில் ஒட்டியிருந்த பஞ்சுப் பலகைகளே அதிர்ந்திருக்கும். இந்த அறை போனால் இத்தனை சாமானையும் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்று சின்னவளுக்குத் தெரியாது. தெரியாமலேயே வாய் பேசிவிட்டது.

"ரூமை நாளைக்கே காலி பண்ணித் தர்றேன். குரலை ஏத்தித் தர மாட்டேன்."

அத்தான் எழுந்து நின்றார். அடுத்த சத்தத்துக்கு அவர் மூச்சு இழுத்த நேரத்தில் அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மத்தியான வகுப்பு முடிந்து வருகிறாள்; நெற்றியில் வியர்வை. நடந்ததில் பாதி வெளியிலேயே காதில் விழுந்திருக்கும். ஒன்றும் கேட்காமல் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டு தலையசைத்தாள். சின்னவள் வீடியோவை முதலிலிருந்து ஓடவிட்டாள்.

அக்கா அசையாமல் கேட்டாள். மேட்டில் வண்டி எடுக்கிற இடம் வந்ததும் நிறுத்தச் சொல்லி, மறுபடி கேட்டாள். ஹெட்போனைக் கழற்றியபோது அவள் கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"என் குரல் இப்படியா இருக்கும்?"

"இப்படித்தான்க்கா. நான் எதையும் சேர்க்கல."

"அனுப்பிடு. என் பேர்ல அனுப்பு. சொல்லித் தர்றது நான்."

"இரு, இரு. அவசரப்படாத. இது நம்ம பள்ளிக்கூடத்து விஷயம், நான் என்ன நினைக்கிறேன்னா" என்று அத்தான் ஆரம்பித்தார். எப்போதும் இந்த இடத்தில்தான் அக்கா நிறுத்துவாள். சின்னவள் கை மவுசின் மேல் அப்படியே நின்றது.

அக்கா நிறுத்தவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. அவர் பேச்சின் அடியிலேயே, தன்னுடைய அதே சின்னக் குரலில், சொல்ல வந்ததைச் சொல்லிக்கொண்டே போனாள். அவர் இன்னும் சத்தமாகப் பேசிப் பார்த்தார். அவள் பாட்டுக்குப் பேசினாள். அவள் என்னதான் சொல்கிறாள் என்று தெரிய வேண்டுமானால் வாயை மூடியாக வேண்டும் என்று அவருக்கு எந்த இடத்தில் புரிந்ததோ, அந்த இடத்தில் பாதி வார்த்தையோடு நின்றார். நின்று, பழக்கதோஷத்தில் "சரி, அப்போ" என்றார்.

"நான் இன்னும் முடிக்கல" என்றாள் அக்கா.

ஹெட்போனை மேசைமேல் வைத்தாள்.

"பள்ளிக்கூடம் உங்க பேர்லயே இருக்கட்டும், அதுல எனக்கு ஒண்ணும் இல்ல. அவங்க கூப்பிட்டா நான் போவேன். கூப்பிடலைன்னா இதே வீடியோவை இன்னொரு கம்பெனிக்கு அனுப்புவேன். இவ இந்த ரூம்லதான் இருப்பா. இதெல்லாம் உங்களைக் கேக்கல. சொல்றேன்."

வியர்வையைத் துடைத்துக்கொண்டு, காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, கணவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"முடிச்சிட்டேன். இப்ப நீங்க பேசுங்க."

அத்தான் பேசவில்லை. சின்னவள் வீடியோவை அனுப்பினாள்.