வீரம்மா கட்டிய வேப்பிலை

ரெங்கசாமியின் மீசையில் கடுகு வாசம் அடித்தது. வீரம்மா தன் சட்னிக்குக் கடுகு தாளிப்பதில்லை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்து வரிசை வீடுகளில் தாளிக்கிறவள் ஒருத்திதான். நான்கு வாசல் தள்ளி, போன தை மாதம் தோசைக்கல் போட்ட சீதாலெட்சுமி.

"காலையில எங்க சாப்பிட்டீங்க?"

"பசிக்கல," என்றான் அவள் புருசன்.

வீரம்மா இடியாப்பம் விற்றாள். முன்பெல்லாம் ரயில் பட்டறைக்குப் போகிறவர்கள் அவள் வாசலில் குந்திச் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். இப்போது அவள் தட்டு துணி மூடியபடியே கிடக்க, நான்கு வாசல் தள்ளி மாவு கல்லில் விழும் ஓசை கேட்கும். தன் நெஞ்சின்மேல் ஊற்றுவது போல அவளுக்கு இருக்கும். மற்றவர்கள் போகட்டும். இவரும் அங்கே போய்க் குந்தினாரா? பரிமாறும்போது அவள் சிரித்திருப்பாளா?

மறுநாள் விடியுமுன், சீதாலெட்சுமியின் வாசல் நிலையில் ஒரு கொத்து வேப்பிலையைக் கட்டிவிட்டு வந்தாள். அம்மை கண்ட வீட்டின் அடையாளம் அது. இனி அங்கே எவனும் கை நனைக்க மாட்டான்.

அப்படியே ஆயிற்று. வந்தவர்கள் இலையைப் பார்த்துத் தயங்கி, வீரம்மாவிடம் திரும்பினார்கள்.

சீதாலெட்சுமி அதைப் பிய்த்தெறிந்துவிட்டுச் சண்டைக்கு வருவாள் என்று வீரம்மா காத்திருந்தாள். அவளோ கும்பிட்டுவிட்டு அடுப்பை அணைத்தாள்.

"யாரு கட்டுனா என்னக்கா? ஆத்தா பேருல வந்த இலை. தலைக்குத் தண்ணி ஊத்தாம நான் எப்படி அவுக்குறது?"

அந்த அமைதியைக் கண்டும் வீரம்மாவுக்குப் பொறாமையாக இருந்தது.

இரண்டு நாளில் சுகாதார இலாகாவின் லோரி வந்தது. அம்மை குத்தும் டிரஸர் வேலாயுதம் இறங்கி, சீதாலெட்சுமியின் வீட்டை மூலை முடுக்கெல்லாம் பார்த்தார்.

"யாருக்கும்மா அம்மை?"

"யாருக்கும் இல்லைங்க ஐயா."

"புருசன் எங்க?"

"கிள்ளான் துறைமுகத்துல. கப்பல்ல மூட்டை தூக்குறாரு."

"அம்மையோட அங்க அனுப்பிட்டு இங்க தோசை சுட்டியாக்கும்." அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "இவ கையால சாப்பிட்டவங்க லோரியில ஏறுங்க. அம்மை குத்தி, ரெண்டு வாரம் முகாம்ல வச்சுப் பாக்கணும். மறைச்சா உங்க வீட்டுக்குத்தான் வரும்."

ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். முதலில் நகர்ந்தவன் ரெங்கசாமி.

"நான் போறேன் வீரம்மா. உனக்கு ஒட்டிக்கக் கூடாது."

முதல் ஆளாய் லோரியில் ஏற்றப்பட்டிருந்த சீதாலெட்சுமி நகர்ந்து உட்கார்ந்து அவனுக்கு இடம் விட்டாள். அவனைத் தொடர்ந்து மற்றவர்களும் ஏறினார்கள்.

இரண்டு வாரம். ஒரே கூரை. கட்டியது நான்தான் என்ற சொல் வீரம்மாவின் தொண்டை வரை வந்தது. சொன்னால் லயமே காறித் துப்பும். சொல்லாவிட்டால், அவர்கள் இரண்டு பேரும்...

"நானும் சாப்பிட்டேன்," என்றாள்.

"நீங்களா? எப்பக்கா?" என்றாள் சீதாலெட்சுமி.

"ஆள் விட்டு வாங்குனேன். சட்னியில உப்பு கம்மி."

"அப்ப உன் பலகாரமும் தொத்துதான், குழியில கொட்டணும்," என்று டிரஸர் அவளுடைய இடியாப்பத் தட்டைக் கவிழ்த்துச் சுண்ணாம்பு தூவச் சொன்னார். வீரம்மா அந்தப் பக்கம் திரும்பவில்லை. லோரியில் ஏறி, இருவருக்கும் நடுவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

வண்டி கிளம்பியது.

"முகாம்ல அடுப்பு இருக்குமாக்கா?"

"இருந்தா நான்தான் சமைப்பேன்."