நீளத் தலையணை

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு என் வீட்டுக் குளியலறைத் தரையில் குந்தியிருந்தேன். பாதம் மூழ்கும் அளவுக்குச் சாம்பல் நிறத் தண்ணீர் தேங்கி நின்றது. ஊருக்கெல்லாம் அடைப்பு எடுக்கிற பிளம்பர் வீட்டில்தான் தண்ணீர் போகாது என்று மனைவி பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அன்று சிரிக்கவில்லை. முகத்தில் பாதியைத் துண்டால் மூடிக்கொண்டு கதவோரம் நின்றாள். நாற்றத்துக்காக மூடியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

தரைத் துளையின் சல்லடையைத் தூக்கினால் கீழே கிண்ணம் போல ஒரு வளைவு இருக்கும். அதில் எப்போதும் ஒரு கையளவு தண்ணீர் தங்கி நிற்கும். பலரும் அதை அடைப்பு என்று நினைத்துப் பயப்படுவார்கள். உண்மையில் வீட்டுக்கும் சாக்கடைக்கும் நடுவே உள்ள கதவே அந்தத் தண்ணீர்தான். அது வற்றினால் ஊர்ச் சாக்கடையின் மூச்சு நேராக உங்கள் படுக்கையறைக்கு வந்துவிடும். அந்தக் கிண்ணத்தில்தான் முடி சிக்குகிறது. முடி மட்டும் தனியாக அடைக்காது, தண்ணீரோடு வழுக்கிப் போய்விடும். சோப்பும் உடம்பு எண்ணெயும் அதன்மேல் படிந்து கொழுப்பாகும்போதுதான் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். முடி நார், கொழுப்பு மண். இரண்டும் சேர்ந்தால் குருவிக்கூடு மாதிரி கெட்டியாக நிற்கும்.

ஸ்பிரிங் கம்பியை விட்டுச் சுழற்றி இழுத்தேன். முதலில் நீளமான கறுப்புக் கயிறு வந்தது. அதன் பின்னால், செத்த எலியை வாலைப் பிடித்து இழுத்து வருவது போல, வழுவழுவென்று ஒரு மொத்தை. இருபது வருடமாக அடுத்தவர் வீட்டு அழுக்கில் கை வைக்கிறவன் நான். முகத்தைத் திருப்பியதில்லை. அன்று திருப்பிக்கொண்டேன். அந்த மொத்தை முழுவதும் ஒரு விரல்கடை நீளமுள்ள முடிகள். அழுகல் நாற்றத்துக்கு நடுவே மெலிதாக ஒரு ஸ்பிரிட் வாடை. அது என்ன வாடை என்று எனக்குத் தெரியும்.

"எல்லாம் என்னோடதுதானா?" என்றாள் மனைவி.

"நீளமா இருக்கறது உன்னோடது."

மற்றதைப் பற்றி நான் சொல்லவில்லை.

ஏழு மாதங்களுக்கு முன் ஒரு வீட்டுச் சமையலறையில் தொட்டிக்கு அடியில் குனிந்து இணைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தேன். என்னோடு வேலை செய்பவர் என் மனைவியின் அண்ணன். வீட்டுக்காரருக்கு அனுப்ப அவர் செல்போனில் படம் எடுத்தார். படத்தில் குழாய் ஓரமாக இருந்தது. நடுவில் என் உச்சந்தலை பளபளத்தது.

"மாப்ள, நாம டார்ச் கொண்டு வந்தது வேஸ்ட்டு."

"வேலையைப் பாரு மச்சான்."

"அதத்தான் பாக்கறேன், நல்லா தெரியுது."

அன்று மாலையே மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் பொறுமைசாலி. ஆண் ஹார்மோனை மட்டுப்படுத்தக் காலையில் ஒரு மாத்திரை, தலையில் தடவ ஒரு திரவம், காலையும் மாலையும் ஒவ்வொரு முறை. முடியின் வேர் கொஞ்ச காலம் வேலை செய்யும், கொஞ்ச காலம் தூங்கும் என்று மருந்து அட்டையின் பின்புறம் பேனாவால் வரைந்து காட்டினார். "மருந்து போட்டதும் தூங்கற வேரு முழிச்சுக்கும். பழைய முடியத் தள்ளிவிட்டுட்டுத்தான் புதுசு வரும். அதனால முதல்ல கொஞ்சம் அதிகமா கொட்டும், பயப்படாதீங்க. ஆனா அளவு மட்டும் தாண்டக் கூடாது. ஏதாவது தொந்தரவு தெரிஞ்சா டாக்டரப் பாருங்க."

அவர் சொன்னதில் முதல் பாதி எனக்கு அளவுக்கு மீறிப் புரிந்துவிட்டது. அதுதான் வினை.

புதிதாக ஒரு குழாய் வரிசை போட்டுத் தண்ணீரைத் திறந்தால் முதலில் துருவும் மண்ணும்தான் வரும். வீட்டுக்காரர்கள் அலறியடித்து மூடச் சொல்வார்கள். மூடக் கூடாது. முழுசாகத் திறந்துவிட வேண்டும். வேகம் கூடினால்தான் கசடு அடித்துக்கொண்டு போய்த் தெளிந்த தண்ணீர் வரும். இதை நூறு வீடுகளிலாவது சொல்லியிருப்பேன். அதையே என் தலைக்கும் சொன்னேன். முடி கொட்டத் தொடங்கியதும் மகிழ்ந்தேன். கசடு வருகிறது, திறந்துவிடு. இரண்டு வேளை தடவியதை நான்கு வேளையாக்கினேன். மாத்திரை ஒன்று இரண்டானது. மூன்றாம் மாதம் சீப்பில் கொத்தாக வந்தது. இன்னும் வேகம் போதவில்லை என்று நினைத்தேன். ஐந்தாம் மாதம் உச்சியிலிருந்த வட்டம் நெற்றியோடு சேர்ந்துவிட்டது.

வாடிக்கையாளர் யாராவது ஏழு மாதமாக மண் தண்ணீர் வருகிறது என்று சொல்லியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? ஐயா, கசடு கால் மணி நேரத்தில் முடிந்துவிடும், இது கசடில்லை, உங்கள் குழாய் எங்கோ பூமிக்கடியில் உடைந்து மண்ணை உறிஞ்சுகிறது என்று பார்த்தவுடனே சொல்லியிருப்பேன். என் தலை என்பதால் தெரியவில்லை.

பாட்டிலை வீட்டில் வைக்க வெட்கம். கருவிப் பெட்டியில், குழாய் ஒட்டுகிற பசைக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். மச்சான் கேட்டபோது, ஒட்டுவதற்கு முன் குழாய் முனையைத் துடைக்கிற ஸ்பிரிட் என்று சொன்னேன். நம்பி ஒருநாள் அதை எடுத்துத் துடைத்தும் விட்டார். இணைப்பு ஒட்டவே இல்லை. "கம்பெனிக்காரன் ஏமாத்தறான் மாப்ள" என்று அரை மணி நேரம் திட்டினார். அந்தக் குழாயிலாவது முடி முளைக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

உடம்பு வேறு கணக்கு காட்டியது. உச்சந்தலையில் செதில் செதிலாகத் தோல் உரிந்தது. சொறிந்தால் நகத்தடியில் மஞ்சளாக ஈரம் ஒட்டும், மோந்தால் புளித்த மாவு வாடை. ஆனால் காது மடலிலும் புறங்கையிலும் முடி அடர்ந்து வந்தது. ஏணியில் நாலு படி ஏறினால் நெஞ்சு பம்பு மோட்டார் மாதிரி அதிர்ந்தது. இடது மார்புக் காம்புக்கு அடியில் கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி. பையின் பட்டை உரசினால் உயிர் போகும். குளிக்கும்போது குனிந்து பார்த்தால் அந்த மார்பு ஒரு பெண் பிள்ளையின் மார்பு போல மொட்டு விட்டிருந்தது. பார்க்கவே அருவருப்பாக இருந்தது, சட்டையோடு குளிக்கப் பழகிக்கொண்டேன். அதற்குக் கீழே உள்ளதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வால்வை யாரோ இறுக மூடிவிட்டுச் சாவியையும் எடுத்துக்கொண்டு போனது போல இருந்தது. ஆசை வரவில்லை என்பதைவிட, ஆசை என்று ஒன்று இருந்ததே மறந்துபோனது. படுத்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வேன். அவள் ஒருமுறை கேட்டாள். முதுகுவலி என்றேன். பிறகு அவள் கேட்கவில்லை.

தரைத் துளையின் கிண்ணத்தைக் கழுவி ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினேன். கடகடவென்று இறங்கியது. கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினேன். அவள் இன்னும் கதவோரமே நின்றாள், நாற்றம் போன பிறகும் துண்டை எடுக்காமல்.

"நாளையிலேர்ந்து மாத்திரை ஆரம்பிக்கப் போறேங்க" என்றாள்.

"என்ன மாத்திரை?"

"ஹார்மோனுக்கு. ரத்தத்துல ஒண்ணும் இல்ல, ஸ்கேன்லயும் ஒண்ணும் இல்ல. இருந்தாலும் சாப்பிட்டுப் பாக்கலாம்னு டாக்டரம்மா சொன்னாங்க. அத நிறுத்தற வரைக்கும் குழந்தைய பத்தி நினைக்கக் கூடாதாம்." கொஞ்சம் நிறுத்தி, "இப்ப அதுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல, நாம நினைக்கறதே இல்லையே" என்றாள்.

எனக்கு எதுவும் புரியவில்லை. அவள் சன்னலோரம் போய்த் துண்டை இறக்கினாள்.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். கண்ணாடி எடுக்க வருகிறவர்களின் இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளக்க வேண்டும். அதற்கு அவர்கள் முகத்துக்கு எதிரே ஒரு முழத்தில் தன் முகத்தை வைக்க வேண்டும். சுற்றிலும் நிலைக்கண்ணாடிகள். அந்தக் கடையில் ஒளிக்கக்கூடிய முகம் என்று ஒன்று கிடையாது.

"போன வாரம் ஒரு அம்மா என் கண்ணப் பாக்காம கன்னத்தையே பாத்துட்டு இருந்தாங்க. ஒண்ணாந்தேதிலேர்ந்து உள்ள லென்ஸ் தேய்க்கற ரூம்ல போட்டுருங்கன்னு கேட்டிருக்கேன். நீங்க வெளிச்சத்துல பாத்துச் சொல்லுங்க, ரொம்பத் தெரியுதா?"

தாடையைப் பிடித்துத் திருப்பினேன். வலது கன்னத்தில், காதோரத்திலிருந்து உதட்டு முனைவரை, கறுத்த முடி. பூனைமுடி இல்லை. வெயிலில் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது, மினுமினுப்பாக, ஆரோக்கியமாக. என் முகம் சுளித்தது. அது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டாள். இடது பக்கம் திருப்பினேன். ஒன்றுமில்லை. கழுவிய தட்டு மாதிரி சுத்தமாக இருந்தது.

உடம்புக்குள் கோளாறு என்றால் இரண்டு பக்கமும் அல்லவா வர வேண்டும்?

சுவரில் ஈரம் ஒரு பக்கம் மட்டும் தெரிந்தால் சுவரை உடைக்க மாட்டோம். அதன் மறுபக்கம் என்ன ஓடுகிறது என்று போய்ப் பார்ப்போம். அது என் தொழிலின் அரிச்சுவடி. அவள் முகத்தை விட்டுவிட்டுக் கட்டிலுக்குப் போனேன். கல்யாணத்துக்கு வாங்கிய நீளத் தலையணை, இரண்டு பேருக்கும் ஒன்று. உறையை உருவினேன். என் பக்கம் பஞ்சுத் துணியில் மஞ்சள் கறை படம் விரித்திருந்தது. ஒன்றின்மேல் ஒன்றாக எத்தனையோ விளிம்புகள். இரவில் அவளுக்குத் தெரியாமல் மருந்தைச் சொட்டச் சொட்டத் தடவி, காயவிடாமல் அப்படியே சாய்ந்துவிடுவேன். உறையை வாராவாரம் அவள் துவைத்தாள். உள்ளே இருப்பதை யார் துவைத்தார்கள்? கறை நடுத் தையலைத் தாண்டி அவள் பக்கமும் ஒரு சாண் போயிருந்தது. அவள் என்னைப் பார்த்து, வலது கன்னத்தைத் தலையணையில் வைத்துத்தான் தூங்குவாள். அங்கே அவள் கன்னம் அழுத்திய குழி, கறைக்கு நடுவில். நான் சுவர்ப் பக்கம் திரும்பத் திரும்ப அவள் நடுவுக்கு நகர்ந்து வந்திருக்கிறாள்.

சாக்கடைக் குழாயும் குடிநீர்க் குழாயும் ஒன்றையொன்று தொடக் கூடாது. இந்தத் தொழிலில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது.

சொல்லாமலும் இருந்திருக்கலாம். தலையணையை மாற்றிவிட்டு, பாட்டிலைத் தூக்கி எறிந்துவிட்டால், சில மாதத்தில் அவள் கன்னம் சரியாகிவிடும். மாத்திரையால் சரியானது என்று நினைத்துக்கொள்வாள். அதை நினைத்தேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கருவிப் பெட்டியைத் திறந்து பாட்டிலை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

கடையில் பயன்படுத்துகிற சிறிய உருப்பெருக்கி அவள் கைப்பையில் எப்போதும் இருக்கும். அதைக் கண்ணில் பொருத்திக்கொண்டு பாட்டிலின் பொடி எழுத்துகளைப் படித்தாள். படிக்கும்போதே இடது கை வலது கன்னத்துக்குப் போனது.

"எத்தனை நாளா?"

"ஏழு மாசம். மாத்திரையும். அதனாலதான் நான் அந்தப் பக்கம்..."

"என் மூஞ்சி பிடிக்காமத் திரும்பிக்கறீங்கன்னு நெனச்சேன்."

"இல்ல."

"இப்ப பாத்தப்ப மூஞ்சி சுளிச்சீங்களே."

நான் தலையணை உறையை எடுத்து மடித்தேன்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ சிரிப்பன்னு."

"சிரிச்சிருப்பேன்" என்றாள். "சிரிச்சா என்ன ஆயிருக்கும்?"

தரை இன்னும் காயவில்லை. அவள் என்னைக் கூட்டிப்போய், தோளை அழுத்திக் குளியலறை வாசற்படியில் உட்கார வைத்தாள். தலையைக் குனியச் சொன்னாள். வாடிக்கையாளர்களை அசையாமல் இருக்கச் சொல்கிற அதே குரல். உருப்பெருக்கியை வைத்து என் உச்சந்தலையைப் பார்க்கத் தொடங்கினாள். அவள் மூச்சு தலைத்தோலில் நேராகப் பட்டது. தடுக்க அங்கே எதுவும் இல்லை.

உரிந்த தோலுக்கு அடியில் வேர் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று தேடினாள். என் கண்ணுக்கு நேர் கீழே, மூடாமல் விட்ட துளையில், கிண்ணத்துத் தண்ணீர் தெளிந்து நின்றது. அவள் விரல் என் தலையில் எதையோ விலக்கியது. ஒரு முடி உதிர்ந்து அந்தத் தண்ணீரின்மேல் விழுந்தது. மூழ்கவில்லை. மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தது.