அறுபது கிலோ

ஆஸ்பத்திரி மருந்தக ஜன்னலுக்கு வந்த மருந்துச் சீட்டைப் பார்த்ததும் மருந்தாளரான அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. எட்டாம் படுக்கை, எடை அறுபது கிலோ. எட்டாம் படுக்கையில் கிடப்பவள் அவளுடைய நாத்தனார். போன வாரம் அவளைக் குளிப்பாட்டித் தூக்கியவளே இவள்தான். ஈரத்துண்டோடு சேர்த்தாலும் அந்த உடம்பு அறுபதில் பாதிதான் தேறும். சீட்டின் அடியில் டாக்டர் கையெழுத்து. அது அவள் புருஷனுடையது.

ஊசி மருந்தை எடுக்காமல் சீட்டோடு மாடி ஏறினாள்.

வார்டு மேசையில் நர்ஸ் தலை நிமிரவில்லை. "எழுந்து நிக்க முடியாதவங்களுக்கு அறுபதுன்னு போட்டுடுவோம் மேடம். அந்தக் கட்டத்தை நிரப்பலைன்னா கம்ப்யூட்டர் அடுத்த பக்கம் போகாது."

"கம்ப்யூட்டர் போகணும்னு ஆளையே அனுப்பிடுவீங்களா?"

எட்டாம் படுக்கையருகே நின்றிருந்த புருஷன் சிரித்தான். "என்ன, மருந்தகமே மாடிக்கு வந்திருக்கு?"

"அண்ணியோட கிட்னி எப்படி இருக்குங்க?"

"பிரமாதம். கிரியேட்டினின் பாயிண்ட் ஆறு. என்னோடதை விடக் கம்மி. எடையை வச்சுக் கணக்குப் போட்டா கிட்னி தொண்ணூத்திரண்டு காட்டுது."

"கிரியேட்டினின் சதையிலேருந்து வர்ற கழிவு. இவங்ககிட்ட சதை எங்க இருக்கு? கிட்னி பாதி படுத்துட்டாலும் ரத்தத்துல அது கம்மியாத்தான் தெரியும். இதுல எடை வேற அறுபதாம். உங்க அக்காவை அறுபது கிலோவா எப்பவாவது பார்த்திருக்கீங்களா? கல்யாண போட்டோவுலயாவது?"

"எடையைப் போட்டது நர்ஸ்."

"கையெழுத்தை?"

"எனக்காக அடிச்சுக்காதீங்க," என்றாள் நாத்தனார். "நேத்துலேருந்து ஙொய்னு கத்துதே ஒரு மிஷின், முதல்ல அதை நிறுத்தச் சொல்லுங்க."

இருவரும் வார்டைச் சுற்றிப் பார்த்தார்கள். மிஷின் எதுவும் இல்லை. மின்விசிறிகூட ஓடவில்லை.

அவன் முகம் வெளுத்தது. கிட்னி வெளியேற்றாமல் தேங்கினால் அந்த ஊசி காதைத்தான் பதம் பார்க்கும். அவன் அக்கா முப்பது பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக் கொடுப்பவள். கம்பி ஒரு மயிரிழை இறங்கினாலும் அடுத்த அறையிலிருந்தே அதட்டுவாள்.

"தூக்குங்க," என்றாள் மனைவி.

அவன் அக்காவை அள்ளிக்கொண்டு எடைக் கருவியில் ஏறினான். நூற்று மூன்று. அவளைக் கட்டிலில் கிடத்திவிட்டுத் தனியாக ஏறினான். எழுபத்தொன்று.

"முப்பத்திரண்டு." சீட்டின் பின்பக்கம் கணக்கை மறுபடி போட்டாள். "கிட்னி நாப்பத்தொம்பதுதான். அதுவும் தாராளமாச் சொன்னா. நீங்க ரெண்டு நாளா முழு ஆளுக்கான ஊசி போட்டிருக்கீங்க."

அவன் சீட்டிலிருந்த ஊசியைக் கோடு போட்டு அடித்துவிட்டு வேறு மருந்து எழுதினான். மறுபடி ரத்தப் பரிசோதனை, காது டாக்டர் என்று அடியில் சேர்த்தான். அதைப் பார்த்தும் அவளுக்கு மனம் இறங்கவில்லை. தன்மேலும்தான் ஆத்திரம். முந்தாநாள் வந்த முதல் சீட்டை வாங்கியது அவள் கை. நம்ம வீட்டு ஆளாயிற்றே என்று அவசரமாக எடுத்துக் கொடுத்தாள். எடையைப் படிக்கவில்லை.

"மிஷினை நிறுத்திட்டீங்களா?" என்றாள் நாத்தனார்.

"ஊசியை நிறுத்திட்டோம் அண்ணி," என்றாள். அதற்கு மேல் சொல்லத் தைரியம் வரவில்லை.

வார்டு மேசைக்குப் போய்க் கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். "இன்னும் எத்தனை பேர் அறுபது கிலோ?"

நர்ஸ் எண்ணினாள். "பதினொண்ணு மேடம்."

அவள் எடைக் கருவியை உருட்டிக்கொண்டு ஒன்றாம் படுக்கைக்கு நடந்தாள்.

"டாக்டர், வாங்க," என்றாள் திரும்பிப் பார்க்காமலே. "தூக்க ஆள் வேணும்."