பாடாத தங்கத்தட்டு

பல் டாக்டருக்குப் பல்லைவிடத் தங்கத்தட்டுதான் உயிர். இசைத்தட்டு லட்சக்கணக்கில் விற்றால், கம்பெனிக்காரர்கள் தட்டுக்குத் தங்க முலாம் பூசி, கண்ணாடிச் சட்டம் போட்டுப் பாடியவர்களுக்கும் வாசித்தவர்களுக்கும் விருதாகக் கொடுப்பார்களே, அந்தப் பழைய சமாச்சாரத்தைத் தேடித் தேடி வாங்கிச் சுவரெல்லாம் மாட்டியிருந்தார். ஒரு காலண்டர் மாட்ட இடமில்லை என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

போட்டிக்கு ஆள் வெளியே இல்லை, சொந்தத்திலேயே இருந்தார். மனைவியின் அக்கா புருஷன், டைல்ஸ் கடைக்காரர். அவருக்கும் இதே பைத்தியம். மாமனார் வீட்டில் கார், பேச்சு, தலைமுடி என்று எதை எடுத்தாலும் அந்தச் சகலைக்குத்தான் முதல் மரியாதை. தங்கத்தட்டிலாவது அவரை ஜெயித்துவிட வேண்டும் என்று டாக்டர் தவியாய்த் தவித்தார்.

ஒருநாள் பேர்பெற்ற ஒரு பாட்டுக் குழுவின் தட்டு டாக்டருக்குச் சிக்கியது. பார்க்க வந்த சகலை உதட்டைப் பிதுக்கினார்.

"டூப்ளிகேட் மாதிரி இருக்கே, சகல."

டாக்டருக்குச் சுர்ரென்று ஏறியது. சட்டத்தைக் கழற்றி, குடும்பத்தார் முன்னாலேயே தட்டை எடுத்துப் பிளேயரில் போட்டார். பாட்டு வரவில்லை. "கைகளை மேலே தூக்குங்கள்! மூச்சை இழுங்கள்!" என்று ஒரு கட்டைக்குரல் அதட்டியது. உடற்பயிற்சிப் பாடம்! சகலை அப்படியே கையைத் தூக்கி மூச்சை இழுத்துக் காட்டினார். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பாவம், டாக்டருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வலிக்கு மருந்து ஒரு சொத்தைப் பல்லோடு வந்தது. நாற்காலியில் வாயைப் பிளந்து கிடந்தவர் அதே குழுவில் டிரம்ஸ் வாசித்தவர் என்று தெரிந்ததும், டாக்டர் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டுப் புலம்பித் தீர்த்தார்.

"உடற்பயிற்சியா வந்துச்சு? அப்ப அது ஒரிஜினல், டாக்டர்! கம்பெனிக்காரனுங்க விக்காம கெடந்த வேற தட்டுக்கு முலாம் பூசி எங்க தலையில கட்டிட்டானுங்க. குழுவுல எல்லாருக்கும் அதேதான். எங்க பாட்டு வந்தா, அது பின்னாடி எவனோ செஞ்சது."

டாக்டர் அந்தப் பல்லை இலவசமாகவே அடைத்துக் கொடுத்தார்.

சகலை சும்மா இருப்பாரா? அதே குழுவின் தட்டு ஒன்றைத் தானும் வாங்கி, "அசல் எப்படி இருக்கும்னு வந்து பாருங்க" என்று குடும்பத்தையே கூப்பிட்டார். டாக்டர் முதல் ஆளாகப் போய் நின்றார்.

"பார்த்தா போதுமா? போட்டுக் காட்டுங்க, சகல!"

சகலை போட்டார். ஊரே பாடிய அந்தக் குழுவின் பாட்டு, அட்சரம் பிசகாமல் கணீரென்று வந்தது.

"டூப்ளிகேட்!" டாக்டர் துள்ளிக் குதித்தார். டிரம்மர் சொன்னதை மூச்சுவிடாமல் ஒப்பித்தார். சகலையின் முகத்தில் ஈயாடவில்லை. அப்பாடா, இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அந்த மனிதரை ஜெயித்தாகிவிட்டது!

பெருமை பொங்க டாக்டர் திரும்பிப் பார்த்தார். மாமனார் கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். மைத்துனன் சோபாவை ஓரங்கட்டினான். அக்காளும் தங்கையும் கைகோத்து ஆட ஆரம்பித்துவிட்டார்கள்.

"காதுல விழுந்துச்சா? என்னோடதுதான் ஒரிஜினல்!" என்று டாக்டர் மனைவியிடம் கத்தினார்.

"சரிங்க, உங்களோடதுதான் ஒரிஜினல்," என்றாள் அவள், ஆடிக்கொண்டே. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கால் இடிக்குது."