கருங்கல்லில் சாய்ந்து நின்றவன்

நாராயணப்பனின் கல் ஃபேக்டரியில் ஒரு சட்டம் உண்டு. எந்த வண்டிக்குப் பிரேக் வேலை நடந்தாலும், வேலை பார்த்தவன் முற்றத்தின் கோடியில் கிடக்கும் கருங்கல்லில் முதுகைச் சாய்த்து நிற்க வேண்டும். முதலாளியே வண்டியை எடுத்துக்கொண்டு கேட்டிலிருந்து நேராக அவன்மேல் வருவார். தரையில் சுண்ணாம்புக் கோடு ஒன்று போட்டிருந்தது. அந்தக் கோட்டில் பிரேக்கை மிதிப்பார். வண்டி நின்றால் வேலை சரி. நிற்காவிட்டால் என்ன என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. ஜப்பானில் யாருடைய கல்லறைக்கோ அனுப்ப அறுத்த கல் அது. ஓரத்தில் கீறல் விழுந்துவிட்டதால் கப்பல் ஏறவில்லை. "வீணாப் போவக் கூடாதில்ல" என்பார் நாராயணப்பன்.

கௌஸ் மொய்தீனுக்கு அந்தக் கல் ஒரு மேடை. பாகலூர் ரோட்டில் தகர ஷெட் போட்டு லாரிக்கும் ஜீப்புக்கும் பிரேக் வேலை செய்கிறவன். வண்டி தன்மேல் வரும்போது வெற்றிலை மெல்லுவான், கண்ணை மூடிக் குறட்டை விடுவான். ஒருமுறை லாரியின் மூக்கு வயிற்றை உரசி நின்றபோது, "இன்னும் கொஞ்சம் முன்னால வாங்க மொதலாளி, வயிறு அரிக்குது" என்றான். பாலிஷ் போடுகிறவர்கள்கூட மிஷினை நிறுத்திவிட்டு வந்து சிரித்தார்கள். சிரிக்க வைக்கிறவனை யாரும் கைவிட மாட்டார்கள் என்பது அவன் கணக்கு. கணக்கில் அவன் எப்போதுமே மட்டம்.

அந்த வருஷம் மழை ஓய்ந்த கையோடு முதலாளியின் சீமைக் கார் பின்சக்கரங்களில் புகையைக் கிளப்பிக்கொண்டு வந்து சேர்ந்தது. தம்பியோடு பாகத் தகராறு நடந்ததில் அந்தக் கார் பேரிகை கிராமத்து வீட்டுக் கொல்லையில் மழைக்காலம் பூராவும் நனைந்து கிடந்திருந்தது. தகராறு தீர்ந்த மறுநாளே கிருஷ்ணகிரிக்குப் போய்வர டிரைவர் சென்னகிருஷ்ணனை அனுப்பினார் முதலாளி. திரும்பும் வழியில் சூளகிரி ஏற்றத்திலேயே கருகிய வாடை வந்துவிட்டது.

"ஹேண்ட்பிரேக்க எடுக்காமயே ஓட்டியிருக்கான்" என்றார் நாராயணப்பன்.

"இல்லீங்க, எடுத்துட்டுத்தான்..." என்றான் சென்னகிருஷ்ணன். தளிப் பக்கத்து ஆள். வீட்டில் கன்னடம், வேலையில் தமிழ். இரண்டிலுமே குரல் எழும்பாது.

கௌஸ் ஜாக்கி போட்டுச் சக்கரங்களைக் கழற்றினான். முன்சக்கரத்தில் டிஸ்க் பார்த்திருக்கிறான். பின்சக்கரத்தில் டிஸ்க் இருக்கும் காரை வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தான். சுற்றிலும் கூட்டம் நின்றதால், "இதெல்லாம் நமக்குத் தோசை திருப்பற மாதிரிங்க" என்றான்.

பின்னைத் தட்டி எடுத்து, டிஸ்க்கை உரசி நிறுத்தும் பேடுகளை உருவினான். இரண்டு சக்கரத்திலும் டிஸ்க்கின் ஒரு பக்கத்துப் பேடு இரும்பு தெரியத் தேய்ந்திருந்தது. மறுபக்கம் அப்படியே இருந்தது. பேடைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பருக்குள் அதைத் தள்ளும் பிஸ்டன் துருப்பிடித்து ஜாம். கம்பி கொடுத்து நெம்பியும் அசையவில்லை. ஹேண்ட்பிரேக்குக்கோ டிஸ்க்கின் வயிற்றுக்குள் தனியாகச் சின்ன ஷூ இருந்தது; அதில் ஒரு கீறல்கூட இல்லை. ஆக, இது ஹேண்ட்பிரேக்கால் வந்த வினை அல்ல. மழையில் நிறுத்திப்போட்டதால் வந்தது.

இதைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கூட்டம் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்படிப் பார்த்தால் அவன் வாய் சும்மா இருக்காது.

"ஏம்பா சென்னா, ஹேண்ட்பிரேக்கு மேல கைய வெச்சுட்டே தூங்கிட்டியா? வூட்ல சம்சாரம் கையப் புடிச்சாத்தான் தூக்கம் வருமாக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி மட்டும் சிரிக்கவில்லை.

"கேட்டியாடா? பாயே சொல்லிட்டாரு. வண்டி ரெடியாவட்டும், இந்தவாட்டி கல்லாண்ட நீ நிக்கற."

கூட்டம் கலைந்ததும் சென்னகிருஷ்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "பாய், நான் எடுத்துட்டுத்தான் ஓட்டினேன்."

"தெரியும்பா. சும்மா ஒரு தமாஷு."

"தமாஷுன்னு மொதலாளிகிட்டச் சொல்லுங்களேன்."

"சொல்றேன், சொல்றேன்" என்றான் கௌஸ். சொல்லவில்லை. நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று இருந்தான்.

புதுக் காலிப்பர்களும் பேடுகளும் பெங்களூரிலிருந்து அட்டைப் பெட்டியில் வந்தன. காலிப்பர் இரண்டும் ஒரே சாயல். பெட்டியில் எழுதியிருந்தது ஜெர்மன் பாஷை. தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது நான்கிலும் சரளமாகத் திட்டத் தெரிந்தவன் கௌஸ். அந்தப் பாஷையில் ஒரு வசவுகூடத் தெரியாது. கைக்கு முதலில் வந்ததை இடது பக்கம் மாட்டினான், அடுத்ததை வலது பக்கம். ஸ்பேனரில் பைப்பைச் செருகி போல்ட்டுகளை முறுக்கினான், ஹோஸைப் பூட்டினான், பேடுகளை இறக்கினான். இனி பிரேக் ஆயிலில் மாட்டிய காற்றை வெளியேற்ற, ஏர் எடுக்க வேண்டியதுதான். சென்னகிருஷ்ணனை சீட்டில் உட்காரவைத்துவிட்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தான்.

"அமுக்கு."

"அமுக்கியாச்சு."

"அப்படியே புடி. ம்... விடு."

டியூபில் கொஞ்ச நேரம் குமிழி வந்தது. பிறகு சுத்தமான ஆயில் வந்தது.

"பாய், பெடல் பஞ்சு மாதிரி போவுது."

"இன்னொருக்கா அமுக்கு."

ஆயில் டப்பா காலியாகி அடுத்த டப்பாவும் பாதி ஆனது. பெடல் பஞ்சாகவே இருந்தது. கௌஸ் மல்லாந்து கிடந்தபடி காலிப்பரை உற்றுப் பார்த்தான். ஏர் வெளியே போக வேண்டிய நிப்பிள் தரையைப் பார்த்துத் தொங்கியது. மேலே அல்லவா இருக்க வேண்டும். இடது பக்கத்தது வலதில், வலது பக்கத்தது இடதில். காற்று மாடியில் முதலாளி மாதிரி உட்கார்ந்திருந்தது. கீழ் வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு கத்தினால் அது இறங்கி வருமா.

முன்பிரேக் இருக்கிறது, பிடித்தாலும் பிடிக்கும் என்று நினைத்தான். முற்றம் பூராவும் கல் அறுத்த சேறு. வழுக்கினாலும் வழுக்கும் என்றும் நினைத்தான். அதற்குள் முதலாளியின் செருப்பு பக்கத்தில் வந்து நின்றது.

"ஆச்சா பாய்?"

"ஆச்சுங்க" என்றது வாய். எப்போதும் அப்படிச் சொல்லியே பழகிய வாய்.

சீட்டிலிருந்து சென்னகிருஷ்ணன் இறங்கினான். இத்தனை நேரமும் பெடலில் இருந்தது அவன் கால். அந்தக் காலுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஆனாலும் செருப்பைக் கழற்றி, கோயில் வாசலில் விடுவதுபோல ஜோடியாக ஓரத்தில் வைத்துவிட்டு, வெறுங்காலோடு சேற்றில் நடந்துபோய்க் கல்லில் சாய்ந்தான்.

"பாய் மாதிரி குறட்டை விடுடா" என்று யாரோ கத்தினார்கள்.

அவன் வண்டியைப் பார்க்கவில்லை. கௌஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முதலாளி காரைக் கேட்டுக்குக் கொண்டுபோய்த் திருப்பினார். கௌஸ் அந்தச் செருப்பு ஜோடியைப் பார்த்தான். பின்குதியில் ஆணி அடித்துத் தைத்த செருப்பு. அதைப் பார்த்திராவிட்டால் சும்மா இருந்திருப்பானோ என்னவோ. ஓடிப்போய்க் கார் ஜன்னலைப் பிடித்துக்கொண்டான்.

"எறங்குங்க மொதலாளி. பெடல் கீழ போவுது. காலிப்பரை எடம் மாத்தி மாட்டிட்டேன்."

"தோசை மாதிரின்னியே?"

"தோசையத் தப்பாத் திருப்பிட்டேங்க."

முற்றமே சிரித்தது. இத்தனை நாளும் அவனோடு சேர்ந்து சிரித்தவர்கள், இப்போது அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். இரண்டு சிரிப்பும் கேட்க ஒரே மாதிரிதான் இருந்தது என்பது அவனுக்கே ஆச்சரியம்.

"இன்னொன்னுங்க. ஹேண்ட்பிரேக்குக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. சென்னா மேல தப்பில்ல. அன்னிக்கு நான் சொன்னது தமாஷு."

"அப்ப தப்பு யார் மேல?" என்றார் நாராயணப்பன்.

பேரிகைக் கொல்லையில் கார் நனைந்து கிடந்தது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"எம்மேலதாங்க" என்றான் கௌஸ்.

"அப்ப சரி. மாத்து. நான் இங்கயே இருக்கேன்."

அவருக்கு நாற்காலி வந்தது. கௌஸ் எல்லாவற்றையும் திரும்பக் கழற்றினான். "லெஃப்ட்டு எது, சோத்துக்கையா பாய்?" என்று ஒருத்தன் கேட்டான். "அவர் வூட்டுக் கதவே வெளியில நின்னு தாப்பாள் போடற மாதிரிதான் இருக்கும்" என்றான் இன்னொருத்தன். கேலி செய்கிற இடத்தில் கௌஸ் இருந்திருந்தால் இதைவிட நன்றாகச் சொல்லியிருப்பான். நிப்பிள் இரண்டும் இப்போது மேலே நின்றன. சென்னகிருஷ்ணன் அமுக்கினான், பிடித்தான், விட்டான். கடைசியில் மெதுவாகச் சொன்னான்:

"கல்லு மாதிரி இருக்குது பாய்."

முதலாளி எழுந்தார். "போய் நில்லு" என்றார். கௌஸிடம் சொன்னார்.

பிரேக் பிடிக்கும் என்று கௌஸுக்குத் தெரியும். அவன் வாழ்நாளில் செய்த வேலைகளிலேயே அதுதான் சுத்தமான வேலை. கல்லில் சாய்ந்தான். வெற்றிலையை எடுக்க மடியில் கைவிட்டான். கை அங்கேயே நின்றுவிட்டது. முதலாளி இந்தமுறை கேட்டோடு நிற்காமல் ரோடு வரைக்கும் பின்னால் போனார். அங்கிருந்து வந்தார். கோடு வந்தது. கோட்டைத் தாண்டியும் வண்டி வந்தது. முன்கண்ணாடிக்குப் பின்னால் நாராயணப்பனின் முகம், ரேடியோவில் செய்தி கேட்கிற மாதிரி, எந்தக் கோபமும் இல்லாமல் இருந்தது.

அப்புறம்தான் மிதித்தார். கார் மூக்கைத் தாழ்த்திக்கொண்டு நின்றது. பம்பர் லுங்கியை அவன் முழங்காலோடு சேர்த்து அழுத்தியது. அதற்குமேல் ஒரு நூல்கூட வரவில்லை.

"நல்ல வேலை பாய்" என்றார் நாராயணப்பன். காரைப் பின்னால் எடுத்தார்.

மறைத்துக்கொண்டிருந்த பம்பர் விலகியதும் கௌஸின் லுங்கி முன்பக்கம் நனைந்திருந்தது எல்லோருக்கும் தெரிந்தது. கால் வழியாக இறங்கிச் சேற்றில் சேர்ந்துகொண்டிருந்தது. வயசான ஒருத்தர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போது ஓரத்திலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. பிறகு முற்றமே சேர்ந்துகொண்டது. முதலில் சிரித்தவன் சென்னகிருஷ்ணன். செருப்பை மாட்டிக்கொண்டு நின்றிருந்தான். குரலே எழும்பாதவன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

அதற்குப் பிறகு ஃபேக்டரி எதிரிலிருந்த டீக்கடையில் அந்தக் கதை ஓடியது. கதை சொல்கிறவன் சென்னகிருஷ்ணன்தான். சுவரில் சாய்வான், கண்ணை உருட்டுவான், மடியில் கைவிட்டுத் தேடுவான், தொடையை நடுக்குவான். கூட்டம் புரளும். கௌஸும் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். "அது அப்படி இல்லப்பா, எடது கால்ல ஆரம்பிச்சுது" என்று திருத்துவான். "சீமைக் காருல்ல, ரேடியேட்டருக்குத் தண்ணி பத்தாதுன்னு நானே ஊத்தினேன்" என்று ஒரு வரியைச் சேர்த்தும் கொடுத்தான். அந்த வரிக்குத்தான் எப்போதும் பெரிய சிரிப்பு. சென்னகிருஷ்ணன் சொல்லும் கதை கௌஸ் கல்லை நோக்கி நடப்பதில்தான் ஆரம்பிக்கும். அதற்கு முந்தி நடந்தது எதுவும் அதில் வராது.

மத்திகிரியிலிருந்து புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருத்தன் ஒருநாள் கேட்டான்: "எல்லாஞ் சரி, டிரைவர்ணா, அன்னிக்கு நீங்க எங்க நின்னீங்க?"

சென்னகிருஷ்ணன் டம்ளரை வாயருகே வைத்து ஊதினான். டீ ஏற்கெனவே ஆறியிருந்தது. ஊதிக்கொண்டே இருந்தான். வெறுங்கால் பெருவிரல் செருப்பைத் தேடிப் பிடித்தது.

கௌஸ்தான் முந்திக்கொண்டான்.

"அவன் எங்கப்பா நின்னான்? சிரிச்சுச் சிரிச்சுக் கீழயில்ல வுழுந்து கிடந்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். சென்னகிருஷ்ணனும் சிரித்தான், கொஞ்சம் பிந்தி.