ஒரு வசவு போதும்

எங்கள் ஆற்றங்கரை ஊரான ரோஸோவின் படகுத்துறையில் யேரோ பா என்பவனை அடித்தே கொன்றுவிடுவது என்று மேட்டுப்பேட்டைக்காரர்கள் காலையிலேயே முடிவெடுத்திருந்தார்கள். அவர்களுடைய படகு எஞ்சின் ஒன்று காணாமல் போயிருந்தது. யேரோவோ வெள்ளம் வந்தால் முதலில் மூழ்கும் ஆற்றுப்பேட்டைக்காரன். வேறென்ன சாட்சி வேண்டும்? முதல் துடுப்படியில் முன்கை முறிந்தது. அடுத்ததில் காது கிழிந்தது.

அவனைக் காப்பாற்ற ஒரு வசவு போதும். எங்கள் ஊரில் பா வம்சமும் ஜாலோ வம்சமும் கேலி முறைக்காரர்கள். கண்டால் ஒருவரையொருவர் அடிமை என்று ஏசிக்கொள்ள வேண்டும், கோபப்படக் கூடாது. ஒரு ஜாலோ வந்து, "என் அடிமையை அடிக்க நீங்க யாருடா?" என்று கேட்டால் கூட்டம் சிரித்துவிடும். சிரித்தவன் கை ஓங்காது.

ஜாலோ ஒருவர் வரத்தான் செய்தார். என்ன செய்வது, ஹமாத் ஜாலோ அப்போதுதான் படகுத்துறைக் குழுத் தலைவராகியிருந்தார். கஞ்சி போட்ட நீல அங்கியோடு டீசல் பீப்பாய் மேல் ஏறி நின்றார்.

"பெருமதிப்பிற்குரிய குடிமக்களே! சட்டம் என்பது யாதெனில்..."

துடுப்பு மறுபடி விழுந்தது. இந்த முறை விலா.

"அண்ணே, ஒரு வார்த்தை திட்டிடுங்கண்ணே!" என்று கதறினாள் யேரோவின் மனைவி கும்பா.

"பதவியில இருக்கிறவன் விளையாடக் கூடாதும்மா."

யேரோ ரத்தத்தைத் துப்பினான். "டேய் ஜாலோ! அடிமைப் பயலே! எசமான் சாகக் கெடக்கேன், நீ பீப்பா மேல நின்னு கூவுறியா? எறங்கி வந்து தூக்குடா!"

கூட்டம் குபீரென்று சிரித்தது. துடுப்புகள் தாழ்ந்தன. தலைவர் திருப்பி ஏசியிருந்தால் அத்தோடு எல்லாரும் மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்போம். அவரோ இறங்கி வந்து, கிடந்தவன் முகத்தில் செருப்புக்காலால் உதைத்தார்.

"தலைவரையாடா அடிமைங்கிறே?"

சிரிப்பு நின்றது. கூட்டத்தில் ஒருவன் வாய்விட்டே கேட்டான்: "பா ஏசினதுக்கு ஜாலோ கோவிச்சுக்கிட்டானா?"

எஞ்சின் திருடியவனைக்கூட எங்கள் ஊர் ஒருநாள் மன்னிக்கும். துடுப்புகள் திசை மாறின. முதலில் அங்கி கிழிந்தது, பிறகு அங்கிக்குள் இருந்தவர். அந்தச் சந்தடியில் கும்பா புருஷனைக் கழுதை வண்டியில் இழுத்துப் போட்டுக்கொண்டு ஓடினாள்.

யேரோவுக்கு ஒரு கண் போயிற்று, உயிர் தப்பியது. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் தலைவருக்கு. தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள்.

"என்னடா அடிமை, பேச்சையே காணோம்?"

தலைவர் முனகினார். யேரோ அதை வசவென்றே எடுத்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தான். விலா விடவில்லை.