குரல் விழும் இடம்

நான்காவது பாட்டில் பாடகியின் குரல் விழுகிறது என்பதைப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் அவள் கண்டுபிடித்தாள். காதில் ஹெட்போன், கையில் சோப்பு நுரை. வரியின் கடைசி எழுத்தில் சுருதி மயிரிழை அளவு கீழே இறங்கியது. இறங்கிய அதே கணத்தில் அடியிலிருந்து ஒரு செல்லோவின் ஆழ்ந்த தந்தியொலி கனமாக எழுந்து, தடுக்கி விழும் குழந்தையைப் பிடிப்பதுபோல் அந்தக் குரலை ஏந்திக்கொண்டது. கேட்பவர்களுக்கு விழுந்தது தெரியாது. நெஞ்சில் ஏதோ இளகியதுபோல் இருக்கும், அவ்வளவுதான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு அந்த இடத்தைத் திரும்பக் கேட்டாள். பிறகு முழு ஆல்பத்தையும் அதற்காகவே கேட்டாள். எல்லாப் பாட்டிலும் அப்படித்தான் இருந்தது. குரல் எங்கே தளரும் என்று முன்பே தெரிந்த ஒருவர் அங்கெல்லாம் மெத்தை விரித்து வைத்திருந்தார்.

அந்த ஒருவரை அவளுக்குத் தெரியும்.

ஆல்பம் இரண்டு பேருடையது. பாடியவள் ஒரு மழலையர் பள்ளியில் ஆசிரியை. அதுவரை எதிலும் பாடியதில்லை. மெட்டுப் போட்டு, பதிவு செய்து, ஒலி சேர்த்து முடித்தவரைத் துறையில் எல்லோரும் 'மாஸ்டர்' என்பார்கள். அட்டையில் இருவர் பெயரும் ஒரே அளவில் இருந்தன. வெளிவந்த சில நாட்களிலேயே எழுதத் தெரிந்தவர்கள் எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஒரு பள்ளி ஆசிரியையைக் கண்டெடுத்துச் சிலையாகச் செதுக்கிவிட்டார் மாஸ்டர் என்றார் ஒருவர். பாடகி வெறும் களிமண், விரல் அவருடையது என்றார் இன்னொருவர்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அவள் ஓர் இணைய இதழில் 'காது' என்ற தலைப்பில் இசை விமர்சனம் எழுதுகிறவள். இதழின் ஆசிரியர் காலையில் போனில் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"எல்லாரும் ஆஹா ஓஹோன்னு எழுதிட்டாங்கம்மா. நாமளும் அதையே எழுதினா யார் படிப்பாங்க? கத்திய கொஞ்சம் தீட்டு."

தீட்ட வேண்டிய அவசியம் இல்லை. அந்தக் கத்தியை அவள் பல வருடமாக உறையில் போட்டதே இல்லை.

கல்லூரி முடித்த வருடம் அவள் மாஸ்டரின் ஸ்டூடியோவுக்குக் குரல் தேர்வுக்குப் போயிருந்தாள். வேதியியல் பட்டம் கையில் இருந்தது, வேலை இல்லை, பாட்டு இருந்தது. கண்ணாடி அறைக்குள் அவளை நிறுத்தி, ஹெட்போனை மாட்டிவிட்டு, கதவை அடைத்தார்கள். கண்ணாடிக்கு வெளியே மாஸ்டரும் இன்னும் சிலரும். அவர் மேசையில் ஒரு பொத்தானை அழுத்திப் பேசினால்தான் உள்ளே இருப்பவருக்குக் கேட்கும். விட்டால் வாயசைவு மட்டும் தெரியும். அவள் பாடி முடித்தாள். அவர் பொத்தானிலிருந்து கையை எடுத்தார். பொத்தான் எழும்பவில்லை. சிக்கிக்கொண்டுவிட்டது.

"காது இருக்குப்பா இதுக்கு. சுருதி அட்சரம் பிசகல. ஆனா இந்தக் குரல யாரு கேப்பா? லிஃப்ட்ல 'கதவு மூடுகிறது'ன்னு சொல்லுமே, அது மாதிரி இருக்கு."

வெளியே எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கு ஒவ்வொருவர் சிரிப்பும் தனித்தனியாகக் கேட்டது. மாஸ்டர் சிரிப்பை முடித்துக்கொண்டு, ஏற்கெனவே அழுந்திக் கிடந்த பொத்தானை மறுபடி அழுத்தி, கனிவான முகத்தோடு அவளைப் பார்த்தார்.

"ரொம்ப நல்லா இருந்துதும்மா. கூப்பிடறோம்."

அவள் தலையாட்டினாள். நன்றி சார் என்றுகூடச் சொன்னாள். பல வருடங்களாக அவளை அரித்தது அந்த நன்றிதான்.

ஆல்பம் மோசமாக இருக்க வேண்டும் என்று அவள் மனதார விரும்பியிருந்தாள். அது நன்றாக இருந்தது. திட்டி எழுதினால் அவர் சிரிப்பார். இத்தனை பேர் புகழும்போது ஒருத்தி திட்டுவதும் விளம்பரம்தான். என்ன செய்வது என்று தெரியாமல்தான் பாத்திரம் கழுவப் போனாள். செல்லோவைக் கண்டுபிடித்ததும் வழி தெரிந்துவிட்டது.

கட்டுரை முழுக்கப் பாடகியைப் பற்றி எழுதினாள். மாஸ்டரின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. குறையாகவும் இல்லை, நிறையாகவும் இல்லை. இசை யாருமில்லாமல் தானாக முளைத்ததுபோல் இருந்தது. பாடகியின் உச்சரிப்பு, மூச்சு, சொல்லுக்குச் சொல் மாறும் நிறம், எல்லாமே உண்மை. நடுவில் ஒரு வாக்கியம் மட்டும் அப்படியல்ல. 'வரியின் முடிவில் இந்தக் குரல் விழுகிறது; விழுந்து, தானாகவே தன்னைப் பிடித்துக்கொள்கிறது; இதை வேறு யாரும் இதற்குத் தந்திருக்க முடியாது.' 'தானாகவே' என்ற சொல்லை அடித்தாள், அழித்தாள், மறுபடி அடித்தாள். அனுப்பிவிட்டாள்.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அக்கா, வேலை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் போனில் படித்தாள்.

"ஏன்டி, அந்த ஆளு பேரே காணோம்?"

"இடம் பத்தல."

"இன்டர்நெட்ல இடம் பத்தலையா? நம்ம வீட்டு பீரோவா அது?" அக்கா செருப்பைக் கழற்றினாள். கொஞ்ச நேரம் கழித்து வேறு குரலில் சொன்னாள். "அந்த ஆளுகிட்ட பாடப் போயிட்டு வந்தியே. அதுக்கப்புறம் நீ குளிக்கறப்பகூடப் பாடி நான் கேட்டதில்ல."

"வாயில தண்ணி போகுது," என்றாள் அவள்.

கட்டுரை அவள் நினைத்ததைவிட வேகமாகப் பரவியது. களிமண் என்று எழுதியவரே அடுத்த வாரம் 'விழும் அழகு' என்று எழுதினார். அந்தச் சொல் எல்லோர் வாயிலும் புகுந்துகொண்டது. ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து, அந்த விழுகிற இடம் பாடகியின் மனதிலிருந்து தானாக வருவதாமே, அதைக் கேட்டபோது உங்களுக்கு எப்படி இருந்தது என்று மாஸ்டரிடம் கேட்டார்கள். அவர் தண்ணீரை எடுத்துக் குடித்தார். மைக்கைச் சரியான இடத்தில் வைத்தது நான்தான் என்று சொல்லிச் சிரித்தார். பாடகி சிரிக்கவில்லை. கட்டுரை எழுதியவள் வீட்டில் அந்தத் துண்டை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தாள். அவர் தொண்டையில் தண்ணீர் இறங்குவதைக்கூடப் பார்க்க முடிந்தது.

அதன் பிறகு எல்லாம் தன் பாட்டுக்கு நடந்தது. இருவரும் சேர்ந்து மேடை ஏறுவதாக இருந்த நிகழ்ச்சிகள் ஒவ்வொன்றாக ரத்தாயின. குரலுக்கா பஞ்சம், தெருவுக்குத் தெரு கொட்டிக் கிடக்கிறது என்று மாஸ்டர் ஓரிடத்தில் சொன்னார். பாட்டு தொண்டையில்தான் பிறக்கும், மைக்கில் இல்லை என்று பாடகி இன்னோரிடத்தில் சொன்னாள். கட்டுரை எழுதியவள் ஒவ்வொன்றையும் மிட்டாய்போல் வாயில் அடக்கிக்கொண்டு கரைய விட்டாள். அக்கா, உடம்பு தேறியிருக்கே என்றாள்.

ஒரு மத்தியானம் மாஸ்டரே கூப்பிட்டார். அவள் போன் எண்ணை எப்படிப் பிடித்தாரோ. அந்தக் கனிவான குரலேதான், கொஞ்சம் வயதாகியிருந்தது.

"'காது' எழுதறது நீங்கதானேம்மா? ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்த செல்லோ உங்களுக்குக் கேட்டுதா இல்லையா?"

"கேட்டுது சார்."

"அதான். உங்களுக்குக் கேக்காம இருந்திருக்காது. அப்புறம் ஏம்மா அப்படி எழுதினீங்க?"

அவள் குரல் நடுங்கவில்லை. அது என்றைக்கும் நடுங்காத குரல்.

"ரொம்ப நல்லா இருந்துது சார். கூப்பிடறோம்."

அவர், "என்னம்மா?" என்றார். நிஜமாகவே புரியாதவரின் 'என்னம்மா'. அவள் வைத்துவிட்டாள். இத்தனை வருடம் சுமந்து வந்து அவர் காலடியில் போட்ட பொருளை, அவர் யாருடையது இது என்று கேட்டுவிட்டு நகர்ந்ததுபோல் இருந்தது. அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

பாடகி கூப்பிட்டது அதற்குப் பிறகுதான். தனியாக ஒரு பாட்டுப் பதிவு செய்திருக்கிறாளாம். யாருக்கும் இன்னும் கொடுக்கவில்லை. நீங்கள் முதலில் கேட்க வேண்டும், வீட்டுக்கு வர முடியுமா என்றாள்.

அடுக்குமாடிக் கட்டடம், பாடகியின் வீடு மேல் மாடியில். லிஃப்ட் இருந்தது. அவள் வழக்கம்போல் படியில் ஏறினாள். மூச்சு வாங்க நின்றவளைப் பார்த்துப் பாடகி பதறிப்போய், லிஃப்ட் வேலை செய்யவில்லையா என்று கேட்டாள். செய்கிறது என்றாள் அவள். பாடகியின் கணவர் தேநீர் வைத்துவிட்டு, "நீங்க பேசுங்க," என்று உள்ளே போனார். படுக்கையறையைத்தான் ஒலிப்பதிவு அறையாக்கியிருந்தார்கள். சுவரில் மெத்தையைச் சாய்த்து, ஜன்னலுக்குக் கம்பளியைத் தொங்கவிட்டு, நடுவில் ஒரு மைக். எப்போதோ குழந்தைகள் கொடுத்த வண்ணக் காகிதப் பூக்கள் ஒரு மூலையில். மைக்குக்கு நேர் எதிரே, பாடுபவரின் கண் மட்டத்தில், அவளுடைய கட்டுரை அச்செடுத்து ஒட்டப்பட்டிருந்தது. ஒரு வாக்கியத்தின் கீழே மட்டும் பென்சில் கோடு. எது என்று அருகில் போய்ப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

"மாஸ்டர் போனதும் ரொம்ப பயந்துட்டேன் மேடம்," என்றாள் பாடகி. "ஸ்கூலையும் விட்டாச்சு. என்ன பண்றதுன்னே தெரியல. அப்பதான் இத மறுபடி படிச்சேன். தானாவே பிடிச்சுக்குதுன்னு எழுதியிருந்தீங்க. அப்ப அவர் எதுக்குன்னு தோணுச்சு." கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து ஹெட்போனின் வயரைப் பிரித்தாள். "நாளைக்குக் காலையில வெளியிடறேன். அவர் கேக்கணும். கேட்டு வயிறெரியணும். களிமண்ணாம்."

அந்த 'வயிறெரியணும்' அவளுக்கு மிகவும் பழக்கமான சொல்லாக இருந்தது. கண்ணாடியில் பார்த்ததுபோல் ஒரு கணம் கூசியது. ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டாள்.

முதல் வரி நன்றாக இருந்தது. அதன் முடிவில் குரல் விழுந்தது. மயிரிழை அல்ல, பாடகி வேண்டுமென்றே, அழகு என்று நம்பி, இன்னும் தாராளமாக விழவிட்டிருந்தாள். அடியில் ஒன்றுமில்லை. ஒரு கிடார் தூரத்தில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டாவது வரியும் விழுந்தது. மூன்றாவதும். குரல் ஒவ்வொரு முறையும் இருட்டில் கடைசிப் படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்து, இல்லாமல், தரையில் போய் மோதியது. எதிரே பாடகி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளோ தன் முகத்தை அசைக்காமல் வைத்திருந்தாள். அதில் அவளுக்குப் பழக்கம் உண்டு.

இது வெளிவந்தால் மாஸ்டர் வாயைத் திறக்கவே வேண்டாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாராவது கேட்டால் போதும். ஆல்பம் யாருடையது என்று ஊருக்கே தெரிந்துவிடும். அவர் தண்ணீர் குடிக்காமல் சிரிப்பார். வெளிவராமல் இருக்க வேண்டுமானால் இந்த ஹெட்போனைக் கழற்றி, எதிரே இருப்பவளின் கண்ணைப் பார்த்து, அந்த வாக்கியத்தில் 'தானாகவே' என்ற சொல்லை அடித்துவிடுங்கள் என்று சொல்ல வேண்டும். அது பொய் என்று எனக்கு அன்றைக்கே தெரியும் என்றும் சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்பாள். பள்ளிக்கூடத்தில் குழந்தைகளிடம் கேட்பதுபோல் பொறுமையாகக் கேட்பாள்.

பாட்டு முடிந்தது. பதிவை நிறுத்த மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. கம்பளி உரசும் ஓசை. நாற்காலி நகர்ந்தது. கணவரின் குரல் எங்கிருந்தோ, நல்லா வந்திருக்கா என்று கேட்டது.

"தெரியலங்க," என்றது காதுக்கு மிக அருகில் பாடகியின் குரல். பாடும்போது இருந்ததைவிடத் தெளிவாக, ஓர் இடத்திலும் தளராமல் இருந்தது. "அவங்க சொல்லட்டும். என் குரல எங்கூடப் பிறந்தவங்க மாதிரி கேட்டது அவங்க ஒருத்தங்கதான்."

அவளுக்காகச் சொல்லப்படாத ஒன்றை அவள் இரண்டாவது முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை.

எதிரே பாடகியின் உதடுகள் அசைந்தன. எப்படி இருக்கு என்றுதான் கேட்டிருக்க வேண்டும். அவள் ஹெட்போனைக் கழற்றவில்லை. ஒரு விரலை உயர்த்தி, கொஞ்சம் பொறுங்கள் என்று காட்டினாள். பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மின்விசிறியின் சுழற்சி, யாரோ நடக்கும் சத்தம், பிறகு சுவருக்கு அப்பால் லிஃப்டில், பதிவு செய்தவர்களே கவனித்திராத தூரத்தில், கதவு மூடுகிறது என்று ஒரு பெண் சொன்னாள். அவள் ஒலியைக் கூட்டி, அந்த இடத்தைத் திரும்ப வைத்துக் கேட்டாள். சுருதி அட்சரம் பிசகவில்லை. அந்தக் குரல் கடைசி எழுத்துவரை நேராகப் போய் நின்றது.